எங்கள் சபையில் காலாக நிற்க ஆளில்லை

கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி சபையில் இருந்தால் அவளைச் சும்மா விடமாட்டார்கள். ஒன்று, மாப்பிள்ளை பார்த்துக் கொடுப்பார்கள். இல்லையென்றால் ஞாயிறு பள்ளியை அவள் தலையில் கட்டிவிடுவார்கள். வந்த மாப்பிள்ளைகளை நானே விரட்டிவிட்டதால் எனக்கு ஞாயிறு பள்ளிதான் வந்து சேர்ந்தது. வாரம் முழுக்கப் பட்டணத்தில் ஒரு ரப்பர் வியாபாரியின் ஆபீசில் டைப் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், மலாக்காவின் காஜா பெராங்கில் இருந்த எங்கள் சின்னத் தமிழ்ச் சபையில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், ஒரு கூட்டம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவேன். டைப்ரைட்டர் எவ்வளவோ தேவலை. எதிர்க்கேள்வி கேட்காது.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது அது. ஆராதனை முடிந்ததும் ஆண்கள் வாசலில் கூடி நின்று, யார் இந்த நாட்டுக்காரன், யார் இல்லை என்று விவாதம் பண்ணுவார்கள். அப்பன் காலத்தில் வந்தவனை எப்படி வெளியூர்க்காரன் என்று சொல்லலாம் என்று ஒருவர் கொதிப்பார். நான் இங்கேதானே பிறந்தேன் என்று இன்னொருவர் நெஞ்சைத் தட்டுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஆட்கள் சர்ச்சுக்குள் காலெடுத்து வைத்துவிட்டால், சபையில் யார் நம்ம ஆள், யார் இல்லை என்பதில் ஒரு தாட்சண்யமும் பார்க்கமாட்டார்கள்.

அவர்கள் கணக்கில் நம்ம ஆள் இல்லை என்று ஆனவர்கள் ஒரு தாயும் மகளும். தகப்பன் தமிழன், பரம்பரைக் கிறிஸ்தவன், லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டான். அந்த அம்மா பக்கத்துச் செட்டிக் கம்பத்தில், மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் கிராமத்தில், பிறந்தவர். மலாக்கா செட்டிகள் நம்மைப் போலவே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்தவர்கள்தான். என்ன, நம் பாட்டன்மார் கப்பல் ஏறுவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டார்கள். கும்பிடும் சாமி தமிழ்நாட்டுக் கோயில் சாமி, உடுப்பு மலாய்க்காரர்களின் சாரோங் கெபாயா, வாயில் மலாய். லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்ததால், அந்த அம்மாவைப் பிறந்த வீட்டார் சேர்த்துக்கொள்ளவில்லை. தமிழ் பேசத் தெரியாததால் எங்கள் சபை சேர்த்துக்கொள்ளவில்லை. பெண்கள் பக்கத்தில் கதவோரம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். இவ்வளவு காலமாக இந்த மண்ணில் இருந்த வம்சத்துப் பெண்ணை, நேற்று வந்த நாம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த அழகில் வாசலில் குடியுரிமை விவாதம் வேறு.

மகளுக்கு ஒன்பது வயது. பாதித் தமிழ், பாதி மலாய் பேசுவாள். அதற்கு முந்தைய வருஷ அறுப்பின் பண்டிகையில் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்று ஆளுக்கொரு மனப்பாட வசனம் சொல்ல வேண்டியிருந்தது. அவளும் புதுக் கவுன் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சொல்லிப் பார்த்தபோது நாக்கு புரளவில்லை. ஆராதனை தொடங்குவதற்கு முன்பே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கிராணியம்மா அவளை வரிசையிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் அம்மாவிடம் விட்டுவிட்டார். கிராணியம்மா என்றால் எங்கள் சபைச் செயலாளருடைய மனைவி. செயலாளர் அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. சபையை நடத்தியது வீட்டம்மா.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை நெருங்கியபோது ஒரு சாயங்காலம், அந்தச் செட்டிக் கம்பத்து அம்மா, வாழையிலை போட்டு மூடிய ஒரு தட்டுப் பலகாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. என்னை மலாய் வழக்கப்படி சிக்கு என்றுதான் கூப்பிடுவார், டீச்சர் என்று அர்த்தம். இந்தத் தடவையும் பிள்ளையை வரிசையிலிருந்து எடுத்தால் தான் சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிடப் போவதாகவும், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. மலாயில் அவர் கடைசியாகச் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"ஒரு எடத்த விட்டுட்டு இங்க வந்தேன் சிக்கு. என்னைப் பத்திக் கவலையில்ல. எம் பிள்ளைக்கு எங்கயாவது ஒரு எடம் வேணும்."

எனக்கு அன்றைக்கு ராத்திரி பலகாரம் இறங்கவில்லை. எங்கம்மா எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, நல்ல கைப்பக்குவம் என்றார்.

நான் ஒரு யோசனை பண்ணினேன். வசனம் வேண்டாம், பாட்டு வேண்டாம். உடம்பு ஒன்று, உறுப்புகள் பல, சபையும் அப்படித்தான் என்று அப்போஸ்தலர் சபைக்கு எழுதினாரே, அதையே பிள்ளைகள் நடித்துக் காட்டட்டும். ஆளுக்கொரு உறுப்பு. அட்டையில் வரைந்து கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியது. ஆளுக்கு ஒரே ஒரு வரி. நான் கண், எனக்குக் கை வேணும். நான் கை, எனக்குக் காது வேணும். இப்படியே போய், கடைசியில் தலை வந்து, எனக்கு எல்லாரும் வேணும் என்று முடிக்கும். அவ்வளவுதான். லாரிக்காரர் மகளுக்கு எந்த உறுப்பு வந்தாலும் சமாளித்துவிடுவாள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

தகரக் கொட்டகையில் பாடம் ஆரம்பித்தது. உடம்பில் என்னென்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்றேன். கண், மூக்கு, காது என்று வந்தது. கிராணியம்மாவின் மகன், பத்து வயது, கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "டீச்சர், குண்டி?" என்றான். கொட்டகை இடிந்து விழாத குறை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது, லாரிக்காரர் மகள் சிரிக்காமல், அது இல்லாவிட்டால் சர்ச்சில் இவ்வளவு நேரம் எப்படி உட்காருவது என்று பாதி மலாயில் கேட்டாள். சத்தியமான கேள்வி. மரியாதை குறைவு என்று நினைக்கிற உறுப்புக்குத்தான் நாம் நல்ல துணியாகப் போட்டு மூடுகிறோம், வேதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். பையனுக்கு வேதத்தின்மேல் அன்றைக்குத்தான் முதன்முதலாக மரியாதை வந்தது.

பிறகு வரங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒவ்வொருவருக்கும் கடவுள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார் என்றேன். போதகர் ஐயாவின் மகளுக்கு வாய். அதற்குச் சீட்டு போடவே தேவையில்லை, தூக்கத்திலும் பேசுகிறவள். கிராணி வீட்டுப் பையனுக்கு ஓட்டம். பந்து அவன் காலில் பட்டால் பக்கத்து உஜோங் பாசிர் பையன்கள்கூடப் பிடிக்க முடியாது. லாரிக்காரர் மகள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தனக்கு என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பாட வராது, ஓட வராது, தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் பொழுது போய்விடும். பொய் சொல்லவும் மனசு வரவில்லை. தெரியவில்லை, அதற்கென்ன அவசரம் என்றேன். கைக்குழந்தையின் கால் நடக்கிறதா, இல்லையே, அதற்காக அதை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோமா? நடக்கிறதற்கு முன்னாலேயே அது அந்த உடம்பின் கால்தான். வரம் அப்புறம் வரும், உடம்பில் இருக்கிறது முதலில் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு ஒரு உவமை சொன்னால் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகள் நம்பித் தொலைப்பார்கள்.

உறுப்புகளை நான் பங்கு வைத்துக் கொடுத்தால் சண்டை வரும் என்று சீட்டுக் குலுக்கினேன். காலி பிஸ்கட் டின்னுக்குள் துண்டுக் காகிதங்கள். சீட்டுப் போடுவது அப்போஸ்தலர்களே செய்த வேலைதானே, யார் வாய் திறப்பார்கள் என்று நினைத்தேன். கிராணி வீட்டுப் பையனுக்குக் கால் வந்தது. காகிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி இரண்டு முறை ஓடினான். லாரிக்காரர் மகளுக்குத் தலை வந்தது. அவள் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கையை வைத்தபடியே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நான் ஆபீசிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே கிராணியம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். எங்கம்மா காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் ஒளிந்துகொண்டார்.

"எங்க குடும்பத்துல யாரும் காலா நின்னதில்ல," என்றார் கிராணியம்மா.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் பின்னே வேறு எதில் நின்றார்கள்? அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாம் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள், நமக்குள் சாதி கிடையாது என்று மேடை போட்டுச் சொல்லுவோம். ஆனால் தலையில் பிறந்தவன் உசத்தி, காலில் பிறந்தவன் மட்டம் என்கிற பழைய கதையைக் கப்பலில் டிரங்குப் பெட்டியோடு சேர்த்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம். அப்போஸ்தலர் பாவம், அவர் யாருக்கோ எங்கோ எழுதினார். ஒரு தமிழ்ச்சபையில் கால் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீட்டுப் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தேனே, அதுதான் முட்டாள்தனம்.

கிராணியம்மாவின் அடுத்த குறை, தலை யாருக்குப் போனது என்பது. தமிழே சரியாகத் தெரியாத பிள்ளை தலையாக நிற்பதும், தன் பிள்ளை காலடியில் கிடப்பதும் எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். நான் மரியாதையாகத்தான் பேச ஆரம்பித்தேன். கடைசியில் மரியாதையாக முடித்தேனா என்பது எங்கம்மாவுக்குத்தான் தெரியும். கிராணியம்மா காப்பியைக் குடிக்காமல் எழுந்து நேரே போதகர் வீட்டுக்குப் போனார்.

போதகர் ஐயா நல்லவர். அதுதான் அவரிடம் இருந்த பெரிய குறை. புக்கிட் பாருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மழையில் சைக்கிள் மிதித்துப் போவார். சாவு வீட்டில் கடைசி ஆள் போகும் வரை இருப்பார். ஆனால் சபையில் ஒருவர் குரலை உயர்த்தினால் உடனே விட்டுக்கொடுத்துவிடுவார். நான் போனபோது வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் சமாதானமான ஒரு வழி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். சபைக்குத் தலை கிறிஸ்து. ஆகவே எந்தப் பிள்ளையும் தலையாக நிற்கக் கூடாது. கிராணி வீட்டுப் பையன் வலது கை. கால் வேண்டாம், விட்டுவிடலாம்.

அப்படியானால் லாரிக்காரர் மகளுக்கு என்ன என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். எல்லா உறுப்பும் போய்விட்டதே என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. அவர் மடியில் இருந்த புத்தகத்தை நானே எடுத்துப் பிரித்தேன். அதே அதிகாரத்தில் தலை காலோடு பேசுகிறது, உன்னை எனக்கு வேண்டாம் என்று தலை காலிடம் சொல்லக் கூடாது என்றுதான் அப்போஸ்தலர் எழுதியிருக்கிறார், அந்தத் தலை யார், கிறிஸ்துவா, நம்மைப் போல ஓர் ஆளா என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் வாசித்தார். அவருக்கு முன்பே தெரியும், முகத்தில் எழுதியிருந்தது.

"நீ சொல்றது சரிதாம்மா," என்றார். "ஆனா சபை ரெண்டாகிடும்."

ஏற்கனவே ரெண்டாகத்தான் இருக்கிறது ஐயா, கடைசிப் பெஞ்சு உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் சைக்கிள் செயின் கழன்றது. சைக்கிளையும் இரண்டு திட்டுத் திட்டினேன்.

செட்டிக் கம்பத்து அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அவர்கள் வீட்டுப் பின்பக்கம் வாத்துகள் வளர்த்தார்கள். நான் போனபோது அந்தப் பிள்ளை வாத்துகளுக்கு முன்னால் நின்று, எனக்கு எல்லாரும் வேணும், எனக்கு எல்லாரும் வேணும் என்று ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். தமிழ் அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பண்டிகை அன்று வருவோம், வந்து உட்கார்ந்து, முடிந்ததும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போவோம், சொல்லாமல் போவது மரியாதை இல்லை, அதற்குப் பிறகு வரமாட்டோம் என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசி ஒத்திகையில் பிள்ளைகளிடம் தலை கிடையாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். தலை இயேசு சுவாமி, ஐயா சொல்லிவிட்டார் என்றேன். போன வாரம் இயேசு நெஞ்சுக்குள் இருக்கிறார் என்றீர்களே, இப்போது வீடு மாற்றிவிட்டாரா என்று கிராணி வீட்டுப் பையன் கேட்டான். அவனுக்கு வேறு கோபம். காலைப் பிடுங்கிக்கொண்டு வலது கையைக் கொடுத்துவிட்டார்களே. லாரிக்காரர் மகள் வரவில்லை. அவள் எங்கே என்று கேட்டார்கள். அவளுக்கு உறுப்பு இல்லை என்றேன். வரம் அப்புறம் வரும், இருக்கிறதுதான் முதலில் என்று டீச்சர் சொன்னீர்களே என்று போதகர் மகள் கேட்டாள். எனக்கு எரிச்சல். ஐயாவிடம் போய்க் கேள், தலை இல்லாத உடம்பு என்ன செய்யும், மரக்கட்டை மாதிரி கிடக்கும், அப்படியே கிடங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆத்திரத்தில் சொன்னது. பிள்ளைகள் முன்னால் ஆத்திரத்தில் எதையும் சொல்லக் கூடாது. அல்லது, சொல்லத்தான் வேண்டும். எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் எதையும் விதைத்தவர்கள் கிடையாது, அறுத்தவர்களும் கிடையாது. கிராணிகள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், டிரைவர்கள். முதல் நாள் சந்தையில் வாங்கிய வாழைத்தாரைத் தூணில் கட்டி, பூசணிக்காயையும் தேங்காயையும் பீடத்தின் முன்னால் அடுக்கி, என் விளைச்சல் ஆண்டவரே என்று படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையே ஏலம் போட்டு நாமே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். யாரோ ஒரு சேவலைக் காலைக் கட்டிப் பீடத்தின் அடியில் விட்டிருந்தார்கள். பாவ அறிக்கையின்போது இரண்டு தடவை கூவியது.

அந்த அம்மாவும் மகளும் கடைசிப் பெஞ்சில் இருந்தார்கள். அம்மா நல்ல கெபாயா உடுத்தியிருந்தார், விடைபெற்றுக்கொள்ள வந்தவர்கள் உடுத்துவது போல. முன்பெஞ்சில் ஓரத்தில் கிராணியம்மா, பக்கத்தில் அவருடைய கைப்பை.

பிள்ளைகள் அட்டைகளை மாட்டிக்கொண்டு வரிசையாக முன்னால் வந்து நின்றார்கள். கிராணி வீட்டுப் பையன் கழுத்தில் இருந்தது வலது கை அல்ல. தானே வரைந்த ஒரு கால், பந்து விளையாடும் பூட்ஸோடு. முன்பெஞ்சில் ஒரு மூச்சு உள்ளே போன சத்தம் கேட்டது.

வாய்தான் ஆரம்பிக்க வேண்டும். போதகர் மகள் வாயைத் திறக்கவில்லை. கண் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. கைகள் தொங்கின. காது இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. கால் அப்படியே தரையில் உட்கார்ந்து நீட்டிக்கொண்டது. நான் சுவரோரமாக நின்று உதட்டைக் குவித்துக் குவித்து வரியை எடுத்துக் கொடுத்தேன். ஒருத்தரும் அசையவில்லை. சேவல் மட்டும் கூவியது. இதை நான்தான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று கிராணியம்மா சாகும் வரை நம்பினார். நானும் அவரைத் திருத்தவில்லை. அவ்வளவு புத்தி எனக்கு இருந்தது என்று ஒருவராவது நம்பட்டுமே.

போதகர் ஐயா எழுந்து வந்தார். தூக்கத்திலும் பேசுகிற தன் மகள் வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்கே பயம் வந்திருக்க வேண்டும். மறந்துவிட்டாயா என்று மெல்லக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, தரையில் இருந்த காலைக் காட்டினாள்.

"தலை இல்லாம வாய் எப்படி ஐயா பேசும்?" என்றான் பையன், உட்கார்ந்தபடியே.

தலை கிறிஸ்து தம்பி, அவர் நம்மோடு இருக்கிறார் என்றார் போதகர். ஞானஸ்நானத்தில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசும் அதே குரலில் சொன்னார்.

"அவரு இருக்காரு ஐயா. அவதான் இல்ல."

சர்ச்சில் விசிறி ஆட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் விசிறியை நிறுத்திவிட்டார்கள். போதகர் பையனைப் பார்த்தார். முன்பெஞ்சைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். அதைத் துடைக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சைப் பார்த்துச் சத்தமாக, முன்னால் வாம்மா, உனக்காகத்தான் நிற்கிறார்கள் என்றார். அவர் வாழ்க்கையில் செய்த தைரியமான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவரை நான் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.

அந்த அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விடவில்லை. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அவர் கையை விட்டுவிட வேண்டும் என்றும் இருந்தது, இவர்களை நம்பி விடாதே என்றும் இருந்தது. நானாக இருந்தால் எழுந்து கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருப்பேன். அவர் என்னைவிடப் பெரிய மனுஷி. கொஞ்ச நேரம் எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, கையை விட்டார்.

பிள்ளை நடுவழியாக நடந்து வந்தாள். அவளுக்கு அட்டை இல்லை. போதகர் மகள் அவள் தோளைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். உடனே கண் திறந்தது, கைகள் எழுந்தன, கால் துள்ளி எழுந்தது, வாய் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ரயில் வேகத்தில் கொட்டியது. நான் கண், எனக்குக் கை வேணும். நான் கை, எனக்குக் காது வேணும். நான் கால் என்று சொன்னபோது அந்தப் பையன் போட்ட சத்தத்துக்குச் சேவல் மிரண்டு படபடத்தது. கடைசியாக அவள் முறை. வாத்துகளிடம் சொல்லிப் பழகியதை, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

"எனக்கு எல்லாரும் வேணும்."

அதோடு முடிந்தது. நான் கைதட்டத் தயாரானேன். அவள் நகரவில்லை. வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள், பெஞ்சுகளைப் பார்த்தாள், அப்புறம் கதவுப் பக்கம் பார்த்து, நாங்கள் யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்றைச் சொன்னாள்.

"மாக், மாரி."

அம்மா, வா என்று அர்த்தம். அதற்கு அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் அந்த அளவு மலாய் தெரியும்.

அந்த அம்மா எழுந்தார். சாரோங்கின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, இத்தனை வருஷமும் தாண்டி வராத அந்த வழியில் மெதுவாக நடந்து வந்தார். முன்னால் வந்து சேர்ந்த பிறகு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பிள்ளைகளோடு நிற்க முடியாது. முன்பெஞ்சு நிறைந்திருந்தது. அவர் அப்படியே நின்றார். நான் ஏதாவது செய்திருக்க வேண்டும், எனக்குக் கால் நகரவில்லை.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றான் கிராணி வீட்டுப் பையன், தன் அம்மாவைப் பார்த்து, எல்லாரும் கேட்க.

கிராணியம்மாவின் முகம் சிவந்துபோயிருந்தது. மகனைப் பார்த்தார், அவன் கழுத்தில் தொங்கிய காலைப் பார்த்தார், எதிரில் நின்றவரைப் பார்த்தார். இந்த மனுஷி அசையமாட்டார், எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். அவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களை இடுப்பால் நெருக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்தார். காலியான இடத்தைக் கையால் தட்டி, "டுடோக், காக்கா," என்றார்.

உட்காருங்கள் அக்கா. அவர் அந்த அம்மாவிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.